கருப்பு கவுனி, மஞ்சள், செங்கீரை... பயிரின் நிறம் இதயத்தைக் காக்குமா?

மக்காச்சோளம் முளைத்த சில வாரங்களில் இலை ஓரம் ஊதா நிறமாக மாறினால், ‘மணிச்சத்து பத்தலை’ என்று அனுபவமுள்ள விவசாயிகள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். பருத்தியில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் சிவந்தால் மக்னீசியம் குறைவு. இரண்டிலும் இலையில் ஏறும் நிறமி ஒன்றுதான். அதன் பெயர் ஆந்தோசயனின். பயிர் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, கடும் வெயிலால் இலைத் திசு கருகாமல் இருக்கத் தானே போட்டுக்கொள்ளும் நிழல்வலை என்று இதைச் சொல்லலாம்.

கருப்பு கவுனி அரிசியின் தவிட்டிலும், நாவல் பழத்தின் தோலிலும், ஊதா கத்தரியிலும், பன்னீர் திராட்சையிலும் இருப்பது இதே குடும்பத்து நிறமிதான். இன்று இந்த நிறத்துக்குச் சந்தையில் நல்ல மதிப்பு இருக்கிறது. சாதாரண அரிசியைவிட கவுனிக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. விவசாயிக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், கூடவே ‘இதய அடைப்பை நீக்கும்’, ‘ரத்தக்குழாய் வீக்கத்தைக் கரைக்கும்’ என்ற வாசகங்களும் பாக்கெட்டுகளில் ஏறிவிட்டன. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆபத்து தொடங்குவது இங்கேதான். நிறமிகள் உண்மையில் என்ன செய்கின்றன, எதைச் செய்யாது என்பதை விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

அடைப்பு என்பது குழாயில் படியும் உப்பு அல்ல

சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிவதுபோல, ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் கோளாறு நடப்பது குழாயின் உள்பக்கத்தில் அல்ல, அதன் சுவருக்குள்ளே.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சூடாகும், வலிக்கும். இந்த நான்கு அறிகுறிகளையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு ‘அழற்சி’ என்று பெயர். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடிவந்து கிருமியை விரட்டி, புண்ணை ஆற்றும் வேலை அது. நல்ல வேலைதான். ஆறியதும் அது நின்றுவிட வேண்டும்.

ரத்தக்குழாயில் இது நிற்பதில்லை. புகையிலை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை குழாயின் உள்தோலைச் சேதப்படுத்துகின்றன. அந்த இடத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல் சுவருக்குள் புகுந்து, அங்கேயே வேதிமாற்றம் அடைகிறது. உடம்பு அதை வேண்டாத பொருளாகப் பார்த்து வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித் தோலுக்கடியில் கட்டி உருவாவதுபோல, சுவருக்குள் ஒரு திட்டு வளர்கிறது. வலி எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் இப்படியே போகும். ஒருநாள் அந்தத் திட்டின் மேல்தோல் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதுதான் மாரடைப்பு.

அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி ரஸ்ஸல் ராஸ், ரத்தக்குழாய்த் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்பதை 1999-ல் விரிவாக எழுதினார். அதற்கு வலுவான சான்று 2017-ல் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சி அளவும் கூடுதலாக இருந்த 10,061 பேரிடம் ‘கனகினுமாப்’ என்ற ஊசி மருந்து சோதிக்கப்பட்டது. இது கொழுப்பைக் குறைக்காது. அழற்சியை மட்டும் அடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்த்து 15 சதவிகிதம் குறைந்தன. ஆனால், எதிர்ப்புச் சக்தியை அடக்கியதால் உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்று அவர்களிடம் சற்று அதிகமானது. அழற்சியைக் குறைத்தால் இதயத்துக்கு நன்மை உண்டு, அளவு மீறிக் குறைத்தால் தீமையும் உண்டு என்ற இரண்டு பாடங்களும் ஒரே ஆய்வில் கிடைத்தன.

அழற்சியை அளக்க ‘ஹெச்.எஸ்.சி.ஆர்.பி’ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. 3-க்கு மேல் என்றால் அதிகம். காய்ச்சல், சளி, புண் இருக்கும்போது எடுத்தால் அளவு தாறுமாறாக ஏறும். எல்லோருக்கும் இது தேவையில்லை. முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும்தான்.

தோட்டத்து நிறங்களும் அவற்றின் குடும்பங்களும்

பயிர்களில் உள்ள நிறமிகளைச் சில குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

*பச்சை:* எல்லா இலையிலும் உள்ள பச்சையம். அதோடு கண்ணுக்குத் தெரியாமல் மஞ்சள் நிறமிகளும் கீரையில் மறைந்திருக்கின்றன. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் நிறைய இருந்தும் அது மஞ்சளாகத் தெரியாததற்குக் காரணம், பச்சையம் அதை மூடியிருப்பதுதான்.

*மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு:* கரோட்டினாய்டுகள். கேரட், பூசணி, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் பீட்டா கரோட்டின். தக்காளி, தர்பூசணியில் லைகோபீன். இவை எண்ணெயில் கரைபவை.

*ஊதா, நீலம், கருஞ்சிவப்பு:* ஆந்தோசயனின்கள். கருப்பு கவுனி, நாவல், கருப்பு திராட்சை, ஊதா முட்டைகோஸ், சங்குப்பூ. இவை தண்ணீரில் கரைபவை.

*பீட்ரூட் சிவப்பு:* பீட்டாலைன்கள். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்புத் தோல் டிராகன் பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றில் இருப்பது இது. பார்க்க ஆந்தோசயனின் போலவே இருந்தாலும் வேறு பொருள். இயற்கையில் ஒரே செடியில் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை.

*மஞ்சள் கிழங்கின் நிறம்:* குர்குமின்.

சின்ன வெங்காயத்தின் தோலில் ஆந்தோசயனினோடு ‘குவர்செட்டின்’ என்ற வெளிர்மஞ்சள் பொருளும் இருக்கிறது.

வித்தியாசத்தை வீட்டுப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலமாகும். எலுமிச்சைச்சாறு நான்கு சொட்டு விட்டால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும். பீட்ரூட் சாற்றில் எலுமிச்சை விட்டால் பெரிய மாற்றம் தெரியாது.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

சோதனைச்சாலையில், கண்ணாடிக் குடுவையில் வளர்த்த உயிரணுக்கள் மீது இந்த நிறமிகளை ஊற்றினால் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் குறைகின்றன. ஆனால், குடுவையில் நடப்பதெல்லாம் குடலில் நடக்காது. சாப்பிடும் ஆந்தோசயனினில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீதியைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உடைத்து வேறு பொருட்களாக மாற்றுகின்றன. மண்ணில் போட்ட தொழுவுரத்தை நுண்ணுயிரிகள் மக்க வைத்துத்தானே வேருக்குக் கொடுக்கின்றன? அதுபோலத்தான் இதுவும்.

மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் இரண்டு முக்கியமானவை. நெதர்லாந்தில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாகக் குவர்செட்டின் போன்ற பொருட்களை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 93,600 பெண் செவிலியர்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஆந்தோசயனின் அதிகம் உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட மாரடைப்பு 32 சதவிகிதம் குறைவு.

இவை கவனிப்பு ஆய்வுகள். பழம் நிறைய சாப்பிடுபவர்கள் புகை பிடிக்காதவர்களாகவும், உடம்பை அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர்களாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் அதையெல்லாம் கழித்துக் கணக்கிட்டாலும் முழுதாகக் கழிக்க முடியாது. ‘ஆந்தோசயனின்தான் காப்பாற்றியது’ என்று அடித்துச் சொல்ல இவை போதாது. ‘நிறமுள்ள பழமும் காயும் உண்பவர்களுக்கு நல்லது நடக்கிறது’ என்று சொல்லப் போதும்.

அப்படியானால் அந்த நிறமியை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். கேரட் போன்றவை நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததால், பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து பீட்டா கரோட்டின் மாத்திரை சோதிக்கப்பட்டது. 1994-ல் முடிவு வந்தபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையிலும், வைட்டமின் ஏ-வோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டினால் புற்றுநோய் 28 சதவிகிதம் கூடியது. 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதய நோயும் குறையவில்லை.

கேரட் மீது இதனால் குற்றம் இல்லை. கேரட்டில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இன்னும் பல பொருட்களும் சேர்ந்திருக்கின்றன, அளவும் மிதமானது. ஒன்றை மட்டும் பிரித்து, பல மடங்கு செறிவாக்கினால் விளைவு மாறுகிறது. ஒரு நுண்ணூட்டம் குறைந்த வயலுக்கு அதை அளவாகக் கொடுத்தால் பயிர் தேறும். அள்ளிக் கொட்டினால் கருகும். உடம்புக்கும் அதே கணக்குதான்.

மஞ்சளின் கதை

மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 2 முதல் 5 சதவிகிதம்தான். அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு, கிட்டத்தட்ட 20 மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசம் அறிவுள்ள சேர்க்கைதான்.

சில சிறிய ஆய்வுகளில் குர்குமின் மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் அழற்சி அளவு குறைந்திருக்கிறது. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று காட்டிய பெரிய சோதனை எதுவும் இல்லை. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால், குறிப்பாகப் பைப்பரின் சேர்ந்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை விளைவிப்பவர்களுக்கும் வியாபாரிகளுக்கும். கிழங்கு பளிச்சென்று தெரிய ‘லெட் குரோமேட்’ என்ற மஞ்சள் சாயம் பூசும் வழக்கம் சில இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அதில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயத்துக்கு நல்லது என்று வாங்கும் மஞ்சளே இதயத்துக்குப் பகையாகிவிடும். வீட்டில் சோதிக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டு அசைக்காமல் வைக்கலாம். நல்ல தூள் அடியில் தங்கி, தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுக்க அடர்மஞ்சளாக மாறினால் சந்தேகப்பட வேண்டும்.

கண்வலிக்கிழங்கு: மருந்தும் நஞ்சும்

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நேரடித் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கு, அதாவது நமது மாநில மலரான செங்காந்தள், கோல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகவே விதை எடுக்கப்படுகிறது. இது நிறமி அல்ல. ஆனால், அழற்சியை அடக்கும் தாவரப்பொருள். கீல்வாத வலிக்குப் பழங்காலத்திலிருந்து பயன்படும் இந்த மருந்து, இப்போது இதய நோய்க்கும் வந்திருக்கிறது.

மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. தினம் வெறும் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் எடுத்தவர்களில் 5.5 சதவிகிதம் பேருக்கு மறுபடியும் இதயப் பிரச்னை வந்தது. எடுக்காதவர்களில் அது 7.1 சதவிகிதம். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய்க்கு இதை அனுமதித்தது. ஆனால், 2024-ல் வெளியான இன்னும் பெரிய சோதனை ஒன்றில் பலன் தெரியவில்லை. அதனால் யாருக்குக் கொடுப்பது என்று இதய மருத்துவர்களே கவனமாகத்தான் முடிவெடுக்கிறார்கள்.

மில்லிகிராமில் பாதி என்பது மருந்து. சில மில்லிகிராம் கூடினால் நஞ்சு, உயிரே போகும். ‘இதயத்துக்கு நல்லதாம்’ என்று விதையையோ கிழங்கையோ இடித்துச் சாப்பிடவே கூடாது. விதை காயவைக்கும் களத்தில் குழந்தைகளை விடக் கூடாது. விதைக்கிழங்கைச் சமையல் கிழங்குகளோடு சேர்த்து வைக்கவும் கூடாது.

நிறம் வீணாகாமல் சமைக்க

* கருப்பு கவுனியின் நிறம் முழுவதும் தவிட்டில் இருக்கிறது. தீட்டினால் போய்விடும். ஒருமுறை கழுவிய பின் ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கலாம். வடித்துக் கொட்டினால் நிறமும் போகும்.
* கவுனியும் அரிசிதான். சர்க்கரை நோயாளிகள் அளவோடுதான் சாப்பிட வேண்டும். சர்க்கரையும் நெய்யும் அள்ளிப்போட்டுச் செய்யும் கவுனி இனிப்பு விருந்துக்கு மட்டும்.
* தக்காளி, கேரட், பூசணி, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சிறிதளவு எண்ணெயில் வதக்கினால் நிறமி நன்றாக உடம்பில் சேரும். ஒரு தேக்கரண்டி போதும்.
* கீரை பச்சையாக இருக்க ஆப்பசோடா போட வேண்டாம். சத்து கெடும்; உப்பும் கூடும்.
* கத்தரிக்காயைத் தோலோடு சமைக்கவும்.
* பழத்தைச் சாறாக்கி வடிகட்டாமல், பழமாகவே சாப்பிடவும்.

காய், பழம் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராமாவது உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு 5 கிராமுக்குக் கீழ். நாள் முழுக்கக் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஊறுகாயோடு சாப்பிடும் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. சந்தைக்குப் போகும் கூடையிலிருந்து முதல் படி வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் இந்த 400 கிராம் பெரிய விஷயமில்லை. காய்கறி பயிரிடாதவர்கள் ஒரு சென்ட் இடத்தில் சிவப்புத் தண்டுக்கீரை, தக்காளி, கத்தரி போட்டு, வேலியோரம் முருங்கையும் பப்பாளியும் வைத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும். நெல்லாக வைத்திருந்து, தேவைக்கேற்ப அரைப்பது நல்லது. வெயிலும் வெளிச்சமும் நிறமியைக் குறைக்கும் என்பதால், அரிசியை வெளிச்சம் புகாத இடத்தில் வைக்கவும். மஞ்சள் கிழங்கை அளவுக்கு மீறி வேகவைத்தால் நிறம் கெடும்.

பாக்கெட்டில் ‘நார்ச்சத்து உண்டு’, ‘தீட்டாதது’ என்று உண்மையை எழுதலாம். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளில் எழுதுவதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதமாகக் கவுனிக் கஞ்சி குடித்ததில் ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மாத்திரை எடுப்பதால்தான் அளவு குறைந்திருக்கலாம். அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குறிப்பாக, ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்டிலேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகும்.

பீட்ரூட் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

சிலருக்குப் பீட்டாலைன் நிறமி அப்படியே வெளியேறும். கெடுதல் இல்லை. பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாகப் போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் பீட்ரூட், கீரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதய வால்வு அறுவை செய்தவர் கீரை சாப்பிடலாமா?

வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர் என்றால், கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே சீரான அளவில் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

புகையிலையை விட முடியவில்லை. பழம் நிறைய சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. பின்லாந்து சோதனையில் பாதிக்கப்பட்டவர்கள் புகை பிடிப்பவர்கள்தான். பீடியும் சிகரெட்டும் ரத்தக்குழாயின் உள்தோலைத் தினமும் புண்ணாக்கும். பூச்சி விழும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் அடித்துக்கொண்டிருப்பதுபோல ஆகிவிடும். அழற்சியைக் குறைக்க முதல் வேலை அதை நிறுத்துவதுதான்.

நெஞ்சுவலி வந்தால் வீட்டில் என்ன கொடுக்கலாம்?

வீட்டு வைத்தியத்துக்கு அங்கே நேரமில்லை. நெஞ்சில் பாரம், இடதுகை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் அசதி, வாந்தி உணர்வு மட்டுமாகவும் வரலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணை இன்றே எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.